பன்னிரண்டு எண்ணும் வரை

ஆளைப் படம் எடுப்பதைவிட ரேடியோவைப் படம் எடுப்பது கஷ்டம். அசையாதே என்று ஆளிடம் சொல்லலாம். ரேடியோ தானாக அசையாது, ஆனால் எதிரில் இருப்பதையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொள்ளும். மெருகு போட்ட மரத்திலும் முன்பக்கக் கண்ணாடியிலும் எதிர்க்கடை விளக்கு தெரியும், வேடிக்கை பார்க்கிறவர்களின் முண்டாசு தெரியும், காமிராவும் அதன் மூன்று கால்களும் தெரியும். படத்தைப் பார்க்கிறவனுக்கு ரேடியோ தெரியாது.

அதனால் என் அத்தா கறுப்புத் துணி தைத்து வைத்திருந்தார். நடுவில் லென்ஸ் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. காமிராவுக்கு முன்னால் அதை விரித்துக் கட்டிவிட்டால் ரேடியோவுக்கு எதிரில் கறுப்பைத் தவிர வேறொன்றும் இருக்காது. கண்ணாடி படத்தில் சுத்தமாக விழும். துணியின் ஒரு முனையைப் பந்தல் காலில் கட்டலாம். மறுபக்கம் கட்டுவதற்குக் கால் கிடையாது. அந்தப் பக்கம் நான் நின்றேன்.

அது 1961ஆம் வருஷம், மே மாதம். கோடை சீசனுக்காக ஏரிக்கு மேலே இருந்த மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ஒரு வரிசை முழுவதும் ரேடியோக் கடைகள். மதுரையிலிருந்து சேனாதிபதி என்பவர் வந்து, ஆள் உயரத்தில் பாதி இருக்கிற ரேடியோகிராம் ஒன்றை நடுவில் வைத்து, சுற்றிலும் சின்ன ரேடியோக்களை அடுக்கியிருந்தார். மேல் மூடியைத் திறந்தால் இசைத்தட்டு சுற்றும். கீழே ரேடியோ. அதைப் படம் எடுத்து மதராஸ் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்று அத்தாவைக் கூப்பிட்டார். ஏரிக்கரையில் குதிரைமேல் உட்கார்ந்தவர்களைப் படம் எடுப்பதுதான் அத்தாவின் வழக்கமான வேலை. இது அவருக்குப் புதுசு. இரண்டு நாள் தூங்காமல் யோசித்தார்.

"பாய், ஒரே ஒரு விசயம்," என்றார் சேனாதிபதி. "பச்சக் கண்ணு மூடியிருக்கணும்."

ரேடியோகிராமின் நெற்றியில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு இருந்தது. ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காவிட்டால் அது நடுவில் பிளந்து நிற்கும். சரியாகப் பிடித்தால் இரண்டு பாதியும் சேர்ந்து ஒன்றாகும்.

"மூடலேன்னா என்னண்ணே? பச்சையாத்தான இருக்கு?" என்றார் அத்தா.

"தெரிஞ்சவன் பாத்தா சிரிப்பான் பாய். ஒண்ணும் பிடிக்காத பொட்டியப் போட்டோ பிடிச்சு அனுப்பிருக்கான் பாருன்னு."

ஆகவே வெறும் ரேடியோவைப் படம் எடுக்க முடியாது. எங்கிருந்தோ ஒரு ஸ்டேஷன் வந்துகொண்டிருக்கிற ரேடியோவைத்தான் எடுக்க வேண்டும். பகலில் எங்கள் மலையில் கண் சேர்ந்து நிற்காது. சாயங்காலம் ஐந்தரை மணிக்குமேல் திருச்சி நன்றாக வரும். ஆனால் சத்தம் வைக்கக்கூடாது, வைத்தால் கடையின் பலகைத் தரை அதிர்ந்து படம் கலங்கிவிடும். பளிச்சென்று எரிகிற பல்பும் கூடாது, அது மெருகில் விழுந்து பச்சைக் கண்ணை அழித்துவிடும். இருக்கிற வெளிச்சத்தில் லென்ஸ் மூடியை எடுத்து, பன்னிரண்டு எண்ணி, திரும்ப மூட வேண்டும்.

எண்ணுவது என் வேலை. அத்தாவுக்கு இளைப்பு உண்டு, எண்ணும்போது நடுவில் இருமல் வந்துவிடும்.

எனக்கு அப்போது பதினாறு வயது. ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை. பாடம் ஒப்பிக்க எழுந்து நின்றால் வாய் திறக்காது. பாடம் தெரியும், வாய்தான் திறக்காது. முப்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருநாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அம்மா தம்பிகளோடு கன்னிவாடியில் இருந்தாள். அத்தா ஒரு வாரம் என் முகத்தைப் பார்த்தார், பிறகு படம் கழுவக் கற்றுக்கொடுத்தார்.

கடைத்தெருவில் எங்கள் ஸ்டூடியோவுக்குப் பின்னால் ஒரு இருட்டு அறை. சிவப்பு பல்பு ஒன்று. உள்ளே நான் இருக்கும்போது கதவை யாரும் திறக்க முடியாது, திறந்தால் படம் கெட்டுவிடும். உலகத்தில் அப்படிப்பட்ட கதவு வேறு எங்கேயும் எனக்குக் கிடைத்திருக்காது.

வகுப்பில் பெண்கள் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் விசாலாட்சி. அவளுடைய அப்பா நாச்சிமுத்து வனத்துறை ஆபீசில் கிளார்க். சொந்த ஊர் பழனி. நான் ஒப்பிக்க எழும்போது அவளும் சேர்ந்து முணுமுணுப்பாள், என் வாயிலிருந்து முதல் வார்த்தை வருமா என்று. நான் நின்ற பிறகு இரண்டு தடவை ஸ்டூடியோவுக்கு வந்தாள். முதல் தடவை அவள் குரல் கேட்டதும் இருட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "நான் கன்னிவாடிக்குப் போயிட்டேன்னு சொல்லுங்க அத்தா," என்று கதவிடுக்கில் சொன்னேன். அத்தா பொய் சொல்கிறவர் இல்லை. எனக்காகச் சொன்னார். இரண்டாம் தடவை குடும்பப் படம் எடுக்க வந்தார்கள். அப்போதும் கன்னிவாடி. அன்று ராத்திரி அந்தப் படத்தை நான்தான் கழுவினேன். அவள் காமிராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொருட்காட்சி நடந்த அந்த வாரம் திங்கட்கிழமை நாச்சிமுத்து படங்களை வாங்கிப்போக வந்தார். நான் உள்ளே இருந்தேன்.

"சேலத்துக்கு மாத்திட்டாங்க பாய். வியாழக்கெழம வெள்ளனே பஸ்ஸு. கோடை ரோட்டுல ரயிலப் பிடிக்கணும்."

"எல்லாருமாவா?"

"வேற? இங்க யாரு இருக்கா?"

அவர் போன பிறகும் நான் வெளியே வரவில்லை. தொட்டியில் கிடந்த படங்களைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமைக்குள் விசாலாட்சியிடம் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும், அன்று நான் உள்ளேதான் இருந்தேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை அவர்கள் வீட்டுத் தெருமுனைவரை போனேன். வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள், நிறையப் பேர் இருந்தார்கள். திரும்பிவிட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம்தான் படம் எடுத்தோம்.

நான் முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு, கடையின் வாசலுக்கு முதுகைக் காட்டி, கையை உயர்த்தித் துணியைப் பிடித்தேன். எனக்கு முன்னால் கறுப்பு. பின்னால் கூட்டம். சீசனுக்கு வந்த வெளியூர்க்காரர்கள், கவுஞ்சியிலிருந்து பூண்டு மூட்டையோடு வந்து அப்படியே பொருட்காட்சி பார்க்க நுழைந்தவர்கள், பிள்ளைகள்.

"என்னய்யா, இம்புட்டுப் பெரிய பொட்டிய வச்சுக்கிட்டு ஊமையா வச்சிருக்கீங்க? பாட்டப் போடுங்கய்யா!"

"போட்டோ பிடிக்கிறோம்ணே. செத்த நேரம்," என்றார் சேனாதிபதி.

"போட்டோவுக்குப் பொட்டி வெக்கப்படுதாக்கும்? சேல கட்டி மறைக்கிறீங்க?"

கூட்டம் சிரித்தது. என் காது சுட்டது. அவர்கள் துணியைத்தான் சொன்னார்கள், இருந்தாலும் சுட்டது.

"பலகைமேல யாரும் ஏறாதீங்க! அம்மாடி, எண்ணு," என்றார் அத்தா, லென்ஸ் மூடியை எடுத்தபடி.

நான் எண்ணினேன். அத்தாவுக்குக் கேட்க வேண்டும், அதனால் சத்தமாகவே எண்ணினேன். எண்களில் எனக்கு வாய் அடைப்பதில்லை. யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், அடுத்தது என்ன என்றும் எனக்கு முன்பே தெரியும். பன்னிரண்டு வந்ததும் அத்தா மூடினார்.

"போச்சு," என்றார் சேனாதிபதி. ரேடியோவுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று பச்சைக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவர். "நடுவுல தொறந்துருச்சு பாய். திருச்சி போய்ப் போய் வருது."

அத்தாவிடம் படம் விழுகிற கண்ணாடிப் பிளேட் இன்னும் ஒன்றுதான் இருந்தது. சேனாதிபதி குமிழைக் கடுகளவு திருகினார், காத்திருந்தார், கையைத் தூக்கிக் காட்டினார். அத்தா மூடியை எடுத்தார்.

"ஒண்ணு... ரெண்டு..."

ஏழு எண்ணும்போது எனக்குப் பின்னால், ரொம்பப் பக்கத்தில் அந்தக் குரல் கேட்டது.

"என்னடி இது, ஒண்ணுமே தெரியல. துணியப் போட்டு மூடிட்டாங்க."

விசாலாட்சி.

எட்டு என்று சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. திரும்பினால் அவள் இருப்பாள். திரும்பினால் துணி விழுந்துவிடும், திருச்சி போய்விடும், இனி பிளேட் இல்லை. ஒன்பது. பிடி தளர்ந்து என் பக்கத்து முனை கீழே இறங்கியது. என் மூக்குக்குக் கீழே வந்துவிட்டது. ரேடியோகிராம் முழுசாக என் கண்ணுக்கு எதிரில் இருந்தது, அதன் பச்சைக் கண் அழகாக மூடியிருந்தது. "அங்க பாரு!" என்று பின்னால் அவள் குரல். பத்து. பதினொன்று. துணியை மேலே இழுத்துப் பிடித்தேன். பன்னிரண்டு.

"பிடிச்சாச்சு பாய்! கண்ணு அசையல!" என்று கத்தினார் சேனாதிபதி. அத்தா லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்ததால் துணி இறங்கியதைக் கவனிக்கவில்லை. சேனாதிபதி பச்சைக் கண்ணைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

நான் திரும்பினேன். விசாலாட்சி இல்லை. சேனாதிபதி சத்தத்தைத் திறந்துவிட்டார். நாதஸ்வரம் பெரிதாகக் கிளம்பியது. கூட்டம் மொத்தமும் பலகைமேல் ஏறி என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையைத் தேடி எட்டிப் பார்த்தேன். எத்தனையோ சடைகள் இருந்தன.

ஏழு மணிக்கு இருட்டு அறையில் பிளேட்டைக் கழுவினேன். ஈரத்தோடு விளக்குக்கு நேரே பிடித்தபோது ரேடியோவின் கண்ணாடியில் ஏதோ நின்றது. பிளேட்டில் வெளுப்பு கறுப்பாகவும் கறுப்பு வெளுப்பாகவும் இருக்கும். எனக்கு அது பழக்கம். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். துணிக்கு மேலே ஒரு நெற்றியும் இரண்டு கண்களும். நான்தான். துணி விலகிய ஓரத்தில், என் தோளுக்குப் பின்னால் இன்னொரு முகம். மடித்துக் கட்டிய இரண்டு சடை, அதில் ஒரு ரிப்பன் அவிழ்ந்து தொங்குகிறது. விசாலாட்சிக்கு எப்போதும் இடதுபக்க ரிப்பன் நிற்காது.

அவளுடைய கை நீண்டிருந்தது. என் தோளைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை இருந்தது.

ரொம்ப நேரம் அதைப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முதுகை வைத்தே கண்டுபிடித்திருக்கிறாள். அங்க பாரு என்று என்னைத்தான் சொல்லியிருக்கிறாள், தொடக் கையை நீட்டியிருக்கிறாள். நான் பத்து, பதினொன்று என்று எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறேன். அவள் கையை இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

அத்தா வந்து பிளேட்டை வாங்கிப் பார்த்தார்.

"துணி எறங்கிருக்கு."

"ம்."

"கை வலிச்சுச்சா?"

"ம்."

"சரி விடு. கண்ணு மூடிருக்கு, அது போதும். கண்ணாடில நிக்கிற ஆளுங்கள மட்டும் சுரண்டி எடுத்துரு. நாளைக்குச் சாயங்காலம் அவருக்குக் குடுக்கணும்."

சுரண்டுவதும் என் வேலைதான். கூரான சின்னக் கத்தியால் பிளேட்டில் இருக்கிற மருந்தை மயிரிழை மயிரிழையாகச் சுரண்டினால் அந்த இடம் படத்தில் கறுத்துப் போகும். பக்குவமாகச் செய்தால் அங்கே ஒன்று இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

"காலைல செய்யறேன் அத்தா," என்றேன்.

அவர் படுக்கப் போன பிறகு அந்தக் கண்ணாடியை மட்டும் பெரிதாக்கி ஒரு படம் போட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து வேறு படம் கிடையாது. ஸ்டேஷன் பிடிப்பதற்காகக் கண்ணாடியில் எழுதியிருந்த ஊர்ப் பேர்கள் எங்கள் மேல் ஓடின. என் நெற்றியில் கொழும்பு. அவள் மூக்கில் லாகூர். நீட்டிய விரலுக்குப் பக்கத்தில் டில்லி.

மறுநாள் வெள்ளனே எழுந்து, படத்தை ஒரு உறையில் போட்டுக்கொண்டு, பஸ் நிற்கிற இடத்துக்குத் தனியாகப் போனேன். அத்தா கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்று தெரியும். மூடுபனி ரோட்டோடு நகர்ந்துகொண்டிருந்தது. பஸ்ஸின் மேல் நாச்சிமுத்து சாமான்களைக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். விசாலாட்சி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் தங்கச்சி முருகம்மாள் தூங்கிவழிந்தாள். எதிர்ப்பக்கம் பூட்டிய டீக்கடைக்கு முன்னால் நான் நின்றேன். ரோடு பத்தடி அகலம்கூட இருக்காது. மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். பன்னிரண்டு வந்ததும் நடந்தேன்.

"ஏய் ஜாஹிதா!" அவள்தான் முதலில் பார்த்தாள். "என்ன, கன்னிவாடில இருந்து வந்துட்டியா?"

நான் உறையை ஜன்னல் வழியாக நீட்டினேன். அவள் படத்தை எடுத்தாள், வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"ஆத்தாடி! என்னது இது, ரெண்டு பேய் நிக்குது?" பிறகு கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "இது நான்! இது... துணியப் புடிச்சுக்கிட்டு நின்னது நீயா?"

எனக்குப் புரியவில்லை. "நீ... கைய நீட்டுன," என்றேன்.

"கையா? எங்க?" பார்த்தாள். "அட, அதுவா. துணி விலகுனப்ப அந்தப் பச்ச லைட்டு தெரிஞ்சுச்சு. பூனக்கண்ணு மாதிரி இருக்கு பாருடின்னு இவளுக்குக் காட்டினேன்." மடியில் இருந்த முருகம்மாளைத் தாடையால் காட்டினாள். "நீன்னு தெரியாது ஜாஹி. எண்ணுன குரலு மட்டும் எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு. ஆனா நீ இம்புட்டுச் சத்தமாப் பேசுவன்னு யாரு கண்டா? கிளாஸ்ல கேட்டிருந்தா டீச்சர் மயக்கம் போட்டுருக்கும்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். கையில் ஒன்றும் இல்லாமல் நின்றதால் முக்காட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். ராத்திரி முழுவதும் அந்தக் கை என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது அது நகர்ந்துபோய் ஒரு விளக்கைக் காட்டிக்கொண்டு நின்றது.

"என் மூக்குல என்ன எழுதியிருக்கு? லாகூரா?"

"ம்."

"இத நானே வச்சுக்கவா?"

"ம்."

நாச்சிமுத்து ஏறி உட்கார்ந்தார். "யாரு, பரீது பாய் மகளா? அப்பாகிட்டச் சொல்லும்மா," என்றார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். வண்டி ஒருதடவை உதறி நின்றது, மறுபடி உறுமியது.

"கடுதாசி போடுவியா?" என்றாள் விசாலாட்சி.

"ம்."

"அட்ரஸ் கேக்காமலே ம்ங்கிறா பாரு. வீடு இன்னும் பாக்கலடி. நான் மொதல்ல போடறேன்."

பஸ் நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன். மூன்று நாளாக வைத்திருந்த வார்த்தை இதற்குமேல் இருந்தால் சேலத்துக்குப் போய்விடும்.

"விசா, அன்னைக்கு நான் உள்ளதான் இருந்தேன். ரெண்டு தடவையும்."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"தெரியும்," என்றாள். "ஒஞ் செருப்பு அந்தக் கதவுக்கிட்டயே கெடந்துச்சு."

பஸ் வேகம் எடுத்தது. நான் ஓடவில்லை. அது வளைவில் திரும்பியபின் கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு பனிக்குள் அதுவும் இல்லை.

ஸ்டூடியோவுக்குத் திரும்பி வந்து பிளேட்டை எடுத்து உட்கார்ந்தேன். முதலில் அவளுடைய கையைச் சுரண்டினேன். பிறகு சடை, ரிப்பன், முகம். அவளுக்குப் பின்னால் மங்கலாக நின்ற முண்டாசுக்காரர்கள். கடைசியில் என் கண்கள். மருந்து தூளாக மேஜையில் விழுந்தது, ஊதித் தள்ளினேன். மத்தியானத்துக்குள் கண்ணாடியில் கொழும்பும் லாகூரும் டில்லியும் மட்டும் மிஞ்சின.

சாயங்காலம் சேனாதிபதி வந்தார். படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார்.

"பாய், சபாஷ்! பொருட்காட்சில எடுத்ததுன்னு சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டான். ஒரு ஈ காக்கா நின்ன மாதிரி தெரியலையே!"

"எல்லாம் புள்ளயோட கைவேல," என்றார் அத்தா.

"எங்க புள்ள?"

நான் இருட்டு அறையில் இருந்தேன். அவர் வருவதைப் பார்த்ததும் பழக்கத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருந்தேன். நான் என்ன சொல்லச் சொல்வேன் என்று அத்தா கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். என் செருப்பு வெளியே கிடந்தது.

தொட்டியில் படம் எதுவும் இல்லை. பன்னிரண்டு வரை எண்ணிவிட்டுக் கதவைத் திறந்தேன்.